பத்து ஓம் எப்போது பத்து ஓம்?

பழைய வீடுகளில் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் செங்கல் பருமனில் ஒரு ஃபேன் ரெகுலேட்டர் இருக்கும். ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்ட குமிழ். ஒன்றில் வைத்து இரவெல்லாம் ஓடவிட்டால் விடிகாலையில் அந்தப் பெட்டி கையைச் சுடும். உள்ளே ஓர் உருளையின் மேல் மின்தடைக் கம்பியைச் சுற்றி, இடையிடையே முனைகளை வெளியே எடுத்திருப்பார்கள். ஃபேனுக்குப் போக வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கைப் பிடித்து வெப்பமாக்கிவிடுவதுதான் அந்தச் சுருளின் வேலை.

இந்த வகைக்கு வயர்வவுண்ட் ரெசிஸ்டர் என்று பெயர். ரெகுலேட்டர் பெட்டி காலாவதியாகிவிட்டாலும் ரெசிஸ்டர் ஆகவில்லை. வெள்ளைக் கட்டியாக இருக்கும் சிமெண்ட் ரெசிஸ்டர், பீங்கான் குழாயில் சுற்றிப் பச்சைப் பூச்சு பூசியது, தங்க நிற அலுமினியக் கூட்டுக்குள் அடைத்தது என எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பல உருவங்களில் கிடைக்கிறது. லிஃப்ட் மோட்டார் வேகம் குறையும்போது திரும்பி வரும் ஆற்றலை எரித்துத் தீர்க்கும் பிரேக் ரெசிஸ்டர்களிலும் இந்த இனம் நிறைய உண்டு.

நிறைய வெப்பத்தைத் தாங்க வேண்டுமென்றால் உலோகக் கம்பியைப் போல நம்பகமானது குறைவு. அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் 1906-இல் காப்புரிமை பெற்ற நிக்கல்-குரோமியக் கலவை, அதாவது நிக்ரோம், செம்பைவிட அறுபது மடங்குக்கு மேல் மின்தடை கொண்டது. சிவக்கச் சிவக்கக் காய்ந்தாலும் அதன் மேல் படியும் குரோமியம் ஆக்சைடு உள்ளே இருக்கும் உலோகத்தைக் காத்துவிடும். ஆனால் வேண்டிய அளவு ஓம் கிடைக்க நீளமான கம்பி வேண்டும். நீளமான கம்பியைச் சின்ன இடத்தில் அடக்கச் சுற்றித்தான் ஆக வேண்டும்.

சிக்கலும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. மின்னணுவியலில் கம்பியைச் சுற்றினால் கிடைப்பது காயில். மின்தூண்டி வேண்டும் என்று நினைப்பவர் செய்வதும் இதே வேலைதான். ஆக, ஒவ்வொரு வயர்வவுண்ட் ரெசிஸ்டருக்குள்ளும் யாரும் கேட்காத ஒரு மின்தூண்டி தொடர் இணைப்பில் உட்கார்ந்திருக்கிறது.

சுருளின் பிடிவாதம்

மின்னோட்டம் போகும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகிறது என்பதை 1820-இல் டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் அர்ஸ்டெட் ஒரு திசைகாட்டி முள்ளின் அசைவில் கண்டார். மாறும் காந்தப்புலம் கம்பியில் மின்னழுத்தத்தை உண்டாக்கும் என்பதை 1831-இல் மைக்கேல் ஃபாரடே காட்டினார். இரண்டையும் ஒரே கம்பிக்குள் வைத்துப் பாருங்கள். கம்பியில் ஓடும் மின்னோட்டம் கூடினால் அதன் காந்தப்புலமும் கூடும். கூடும் புலம் அதே கம்பியில் ஒரு மின்னழுத்தத்தை எழுப்பும். அந்த மின்னழுத்தம், மின்னோட்டம் கூடுவதைத் தடுக்கும் திசையில் இருக்கும். மின்னோட்டம் குறைந்தால், குறையவிடாமல் தள்ளும். தன் மின்தூண்டல் என்று பள்ளியில் படித்தது இதுதான்.

இதைத் தெளிவாகப் பார்த்து எழுதியவர் அமெரிக்காவில் ஆல்பனி நகரில் ஆசிரியராக இருந்த ஜோசஃப் ஹென்றி. சிறிய கம்பியால் பேட்டரியின் இரு முனைகளை இணைத்துத் துண்டித்தால் பொறி எதுவும் தெரிவதில்லை. நீளமான கம்பியானால் துண்டிக்கும் நொடியில் பளிச்சென்று பொறி பறக்கிறது. அதே கம்பியைச் சுருளாகச் சுற்றினால் பொறி இன்னும் வலுக்கிறது என்று 1832-இல் வெளியிட்டார். மின்தூண்டலின் அலகுக்கு 1893-இல் சிகாகோவில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு அவருடைய பெயரையே வைத்தது.

கோயில் தேரை அசைக்க ஊரே கூடி வடம் பிடிக்க வேண்டும். ஓடத் தொடங்கிய தேரை நிறுத்த முட்டுக்கட்டை போட வேண்டும். சீராக ஓடும்போது எடை தெரிவதில்லை. மின்தூண்டலும் அப்படித்தான்: மின்னோட்டம் மாறாமல் இருக்கும் வரை அது இருப்பதே தெரியாது. மாறும் நேரத்தில் மட்டும் எதிர்க்கும், அதுவும் மாறும் வேகத்துக்கு ஏற்ப.

மின்தடைக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாட்டை இங்கே கவனிக்கலாம். மின்தடையை நிர்ணயிப்பவை கம்பி என்ன உலோகம், எவ்வளவு நீளம், எவ்வளவு தடிமன் என்பவை. கம்பியை வளைத்தாலும் மடித்தாலும் அது மாறாது. மின்தூண்டலுக்கு நிக்ரோமும் ஒன்றுதான், செம்பும் ஒன்றுதான். மின்னோட்டம் எந்தப் பாதையில் போய் எந்தப் பாதையில் திரும்புகிறது, அந்தப் பாதை எவ்வளவு பரப்பை வளைத்துப் பிடிக்கிறது என்பதே கணக்கு. ஓம் பொருளின் குணம் என்றால் ஹென்றி வடிவத்தின் குணம்.

ஒரு சுருளைக் கணக்குப் போட்டால்

10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை நாமே செய்வதாக வைத்துக்கொள்வோம். 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள பீங்கான் தண்டு. அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான நிக்ரோம் கம்பி. 40 மில்லிமீட்டர் நீளத்துக்குள் 50 சுற்று. செலவாகும் கம்பி ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் கூட. மின்தடை 10 ஓம் வந்துவிடும்.

இதன் மின்தூண்டலைப் பாடப்புத்தகச் சூத்திரத்தால் கணக்கிட்டால் 6.2 மைக்ரோஹென்றி வருகிறது. ஆனால் அந்தச் சூத்திரம் முடிவில்லாமல் நீண்ட சுருளுக்கு உரியது. நிஜச் சுருளின் இரு முனைகளிலும் காந்தப்புலம் விரிந்து தளர்ந்துவிடும். அதற்கான திருத்தத்தை அட்டவணையாகவே போட்டுக் கொடுத்தவர் ஜப்பானின் ஹன்தாரோ நகாவோகா. சனிக்கோளையும் அதன் வளையத்தையும் ஒத்த அணு மாதிரியை 1904-இல் முன்வைத்த அதே இயற்பியலாளர்தான். சுருள்களுக்கான அவருடைய குணகங்கள் 1909-இல் வெளிவந்தன. நம்முடைய சுருளுக்கு அந்தக் குணகம் 0.90. பெருக்கினால் கிடைப்பது 5.6 மைக்ரோஹென்றி.

இது அதிகமா, குறைவா? இதற்குத் தனியாக விடை கிடையாது. எவ்வளவு வேகத்தில் மின்னோட்டம் மாறுகிறது என்று சொன்னால்தான் விடை சொல்ல முடியும்.

வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அங்கே இந்தச் சுருள் காட்டும் தூண்டல் எதிர்ப்பு ஓர் ஓமில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. ரெகுலேட்டர் பெட்டியில் இதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. காதுக்குக் கேட்கும் ஒலியின் மேல் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸில் அது 0.7 ஓம். தூண்டல் எதிர்ப்பும் மின்தடையும் நேராகக் கூடுவதில்லை. செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களைப் போலக் கூடும். அதனால் மொத்தம் 10.7 ஆகாமல் 10.02-ஐ ஒட்டியே நிற்கும். ஆம்ப்ளிஃபையரைச் சோதிக்க ஸ்பீக்கருக்குப் பதிலாக இப்படி ஒரு ரெசிஸ்டரை மாட்டினால் அளவில் வரும் பிழை நூற்றில் கால் பங்குதான். ஆடியோவில் வயர்வவுண்டைக் கண்டால் பதறுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

284 கிலோஹெர்ட்ஸுக்குப் போனால் கதை மாறுகிறது. அங்கே தூண்டல் எதிர்ப்பும் 10 ஓம். மின்தடையும் 10 ஓம். ஒரு மெகாஹெர்ட்ஸில் மொத்த எதிர்ப்பு 36 ஓமைத் தாண்டிவிடும். உடம்பில் 10 ஓம் என்று அச்சடித்த பொருள், மத்திய அலை வானொலியின் அலைவரிசையில் பெரும்பங்கு காயிலாகவே நடந்துகொள்கிறது.

நூறு நானோவினாடியில் நடப்பது

அப்படிப்பட்ட வேகம் வானொலி நிலையத்துக்கு மட்டும் உரியதாக இருந்த காலம் போய்விட்டது. செல்போன் சார்ஜர், எல்.இ.டி. விளக்கு, கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ், இன்வெர்ட்டர், மின்வாகனம் என எல்லாவற்றிலும் மாஸ்ஃபெட் என்னும் மின்னணு ஸ்விட்சுகள் மின்னோட்டத்தை வெட்டி வெட்டி விடுகின்றன. நொடிக்கு எத்தனை முறை வெட்டுகிறது என்பதைவிட, ஒவ்வொரு வெட்டும் எவ்வளவு கூர்மையானது என்பதே இங்கே பெரிது. பத்து ஆம்பியர் மின்னோட்டம் 100 நானோவினாடிக்குள் ஏறி நிற்பது இன்றைக்குச் சாதாரணம்.

நம்முடைய 10 ஓம் சுருளில் அப்படி 10 ஆம்பியரை ஏற்ற வேண்டுமென்றால், ஓம் விதிப்படி வேண்டியது 100 வோல்ட். ஏறும் அந்த நேரத்தில் சுருள் தனக்கென்று கேட்பது இன்னும் 560 வோல்ட். கொடுக்க முடியாத மின்சுற்றில் மின்னோட்டம் தாமதமாகத்தான் ஏறும். துண்டிக்கும்போது நிலைமை மோசம். ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டத்தை அதே வேகத்தில் நிறுத்தினால் அந்த 560 வோல்ட், துண்டித்த மாஸ்ஃபெட்டின் தலையில் கூடுதலாக ஏறும். 200 வோல்ட் தாங்கும் பாகம் அதில் உயிர்விடும். மோட்டார் டிரைவ்களில் பிரேக் ரெசிஸ்டருக்கு இணையாக ஒரு டயோடைத் திருப்பிப் போடுவது இதற்காகத்தான். மின்னோட்டம் திடீரென்று நிற்காமல் அந்த வழியாகச் சுழன்று, ரெசிஸ்டரிலேயே வெப்பமாகித் தணிந்துவிடும்.

இன்னொரு இடத்தில் இந்த மின்தூண்டல் வேலியே பயிரை மேய்வதாக ஆகிவிடும். ஸ்விட்ச் திறந்து மூடும்போது எழும் அலைவை அடக்க, ஒரு ரெசிஸ்டரையும் ஒரு மின்தேக்கியையும் தொடராகச் சேர்த்து ஸ்விட்சுக்குக் குறுக்கே போடுவார்கள். ஸ்னப்பர் என்பது அதன் பெயர். ஆற்றலை உறிஞ்சி வெப்பமாக்குவது ரெசிஸ்டரின் பொறுப்பு. அங்கே 1 நானோஃபாரட் மின்தேக்கியுடன் நம்முடைய சுருளைப் போட்டால், அதன் 5.6 மைக்ரோஹென்றியும் மின்தேக்கியும் சேர்ந்து 2 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் தாங்களே ஓர் அலைவுச் சுற்றாகிவிடும். அலைவை அடக்க வைத்த பாகமே பல சுற்று ஆடிவிட்டுத்தான் ஓயும்.

நீட்டிவிட்டால் போய்விடுமா?

சுற்றியதால்தானே இந்தத் தொல்லை, சுருளைப் பிரித்து நேராக நீட்டிவிட்டால்? நினைத்துப் பார்க்கத் தகுந்த கேள்வி. விடை எதிர்பாராதது. ஒன்றரை மீட்டர் நேர்க்கம்பிக்கும் மின்தூண்டல் உண்டு. நம்முடைய கம்பிக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 2.7 மைக்ரோஹென்றி. இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டு நீட்டியும், பாதிதான் குறைந்தது.

மாறாக, அதே கம்பியை நடுவில் மடித்து, இரு பாதிகளையும் மையத்துக்கு மையம் 0.8 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒன்றையொன்று ஒட்டி ஓடவிட்டால், மின்தூண்டல் அரை மைக்ரோஹென்றிக்கும் கீழே விழுந்துவிடும். சுருளாக இருந்தபோது இருந்ததில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கம்பியின் நீளம் குறையவில்லை, உலோகம் மாறவில்லை. போகும் மின்னோட்டத்துக்குப் பக்கத்திலேயே திரும்பும் மின்னோட்டத்தை ஓடவிட்டோம். இரண்டின் காந்தப்புலங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. மடித்த இந்த இரட்டைக் கம்பியைச் சுருளாகச் சுற்றினாலும் புலம் எழாது.

இது புதிய தந்திரம் இல்லை. பிளஸ் டூ இயற்பியல் ஆய்வகத்தில் பித்தளைச் செருகிகளைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்த மின்தடைப் பெட்டி நினைவிருக்கலாம். அதற்குள் இருக்கும் சுருள்கள் இப்படி மடித்துச் சுற்றியவை. பேட்டரி போட்ட சோதனைக்கு இது எதற்கு என்று கேட்கலாம். சாவியை அழுத்தும் கணத்தில் மின்னோட்டம் சுழியிலிருந்து ஏறுகிறது அல்லவா? அந்த ஒரு கணத்தில் சுருள் எழுப்பும் மின்னழுத்தம் கால்வனாமீட்டர் முள்ளை வீணாகத் துள்ள வைத்துவிடும். பாலச் சுற்றில் பேட்டரிச் சாவியை முதலிலும் கால்வனாமீட்டர் சாவியை அடுத்தும் அழுத்தச் சொல்வதற்கும் காரணம் அதுவே.

மடித்துச் சுற்றுவதில் ஒரு குறை உண்டு. கம்பியின் தொடக்கமும் முடிவும் அருகருகே வந்துவிடுகின்றன. ரெசிஸ்டருக்குக் குறுக்கே 1000 வோல்ட் கொடுத்தால் அந்த முழு 1000 வோல்ட்டும் ஒட்டிக்கிடக்கும் இரு கம்பிகளுக்கு நடுவே நிற்கும். காப்பு கருகினால் தீர்ந்தது. அருகருகே ஓடும் இரு கம்பிகள் மின்தேக்கியாகவும் நடந்துகொள்ளும். ஒரு வேண்டாத குணத்தை விரட்டி இன்னொன்றை வரவேற்றதாகிவிடும்.

இதற்கு அழகான தீர்வு ஒன்று வில்லியம் எட்வர்ட் அயர்டன், ஜான் பெர்ரி இருவரின் பெயரால் வழங்குகிறது. அயர்டன் 1868-இல் இந்தியத் தந்தித் துறைக்கு வேலைக்கு வந்து, தந்திக் கம்பிகளில் பழுது எங்கே என்று கண்டறியும் முறையை இங்கே வகுத்தவர். பெர்ரி, கெல்வின் பிரபுவிடம் உதவியாளராக இருந்துவிட்டு, பிறகு 1895-இல் பூமியின் வயதைப் பற்றி அவருடனேயே வாதாடியவர். 1870-களில் இருவரும் டோக்கியோவின் இம்பீரியல் பொறியியல் கல்லூரியில் ஆசிரியர்களாகச் சேர்ந்து பணியாற்றினார்கள்.

அயர்டன்-பெர்ரி சுற்றில் கம்பிகள் இரண்டு. நமக்கு 10 ஓம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் 20 ஓம். இரண்டும் தண்டின் ஒரே முனையில் தொடங்கி மறுமுனையில் முடிகின்றன. ஆனால் ஒன்று வலஞ்சுழியாகவும் மற்றது இடஞ்சுழியாகவும் போகிறது. மின்னோட்டம் இரண்டாகப் பிரிந்து எதிரெதிராகச் சுழல்வதால் தண்டுக்குள் காந்தப்புலங்கள் அழிந்துபோகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் கம்பிகள் இருமுறை ஒன்றையொன்று கடக்கும். கடக்கும் இடத்தில் இரண்டும் தொடக்கத்திலிருந்து ஒரே தூரம் வந்திருக்கும். ஆகவே இரண்டின் மின்னழுத்தமும் சமம். காப்புக்குப் பளு இல்லை; தேக்கமும் பெரிதாக இல்லை. மடித்துச் சுற்றியதில் வந்த இரண்டு குறைகளும் ஒரே வடிவத்தில் நீங்கிவிடுகின்றன.

இன்றைக்கு நான்-இண்டக்டிவ் என்று விற்கும் வயர்வவுண்ட் ரெசிஸ்டர்கள் பலவற்றின் உள்ளே இருப்பது இந்தச் சுற்றுதான். விலை கூட, ஏனென்றால் இரண்டு கம்பிகளை எதிரெதிராகச் சுற்றுவது எளிய வேலை இல்லை. அந்தப் பெயரை எழுத்துக்கு எழுத்து நம்பவும் கூடாது. மின்தூண்டல் வெகுவாகக் குறைந்தது என்று பொருளே தவிர, இல்லாமல் போனது என்று பொருள் இல்லை. தண்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மின்னோட்டம் போய்த்தானே ஆக வேண்டும்.

0.1 ஓமில் ஒளிந்த 3 வோல்ட்

மின்தூண்டல் அதிகமாக ஏமாற்றுவது பெரிய சுருள்களில் இல்லை, மிகச் சிறிய மின்தடைகளில்தான். எஸ்எம்பிஎஸ்-இல் மின்னோட்டம் எவ்வளவு என்று அறிய, பாதையில் 0.1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து, அதன் குறுக்கே வரும் மின்னழுத்தத்தை அளப்பார்கள். 10 ஆம்பியருக்கு 1 வோல்ட். இதில் சுருளே இருக்க வேண்டாம்; இரு பக்கமும் நீளும் ஈயம் பூசிய கால்கள் போதும். நேர்க்கம்பிக்குத் தோராயமாக மில்லிமீட்டருக்கு ஒரு நானோஹென்றி என்று கைக்கணக்கு. மூன்று சென்டிமீட்டர் கால் என்றால் 30 நானோஹென்றி.

பத்து ஆம்பியர் 100 நானோவினாடியில் ஏறும்போது இந்த 30 நானோஹென்றி எழுப்புவது 3 வோல்ட். அளக்க வந்ததோ 1 வோல்ட். ஆஸிலோஸ்கோப் திரையில் முதலில் ஒரு கூரான முள் எழும்பி நிற்கும்; அது விழுந்த பிறகுதான் உண்மையான படி தெரியும். கட்டுப்பாட்டு ஐ.சி. அந்த முள்ளைப் பார்த்துவிட்டு, மின்னோட்டம் எல்லை மீறிவிட்டது என்று எண்ணி, ஒழுங்காக ஓடும் சுற்றை அணைத்துவிடும். பழுது பார்ப்பவர் மின்னோட்டத்தைத் தேடிக்கொண்டிருப்பார். பழுதோ வெட்டாமல் விட்ட கால்களில் இருக்கும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, கால்களைக் குறுக்கி, அளக்கும் கம்பிகளை ரெசிஸ்டரின் உடம்போடு ஒட்டி எடுப்பது. இரண்டாவது கணக்கால் வெல்வது. 30 நானோஹென்றியை 0.1 ஓமால் வகுத்தால் 300 நானோவினாடி. அளக்கும் பாதையில் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் 3 நானோஃபாரட் மின்தேக்கி ஒன்றையும் வைத்தால் அவற்றின் பெருக்கற்பலனும் 300 நானோவினாடி. மின்தூண்டல் எவ்வளவு மிகைப்படுத்துகிறதோ அவ்வளவையும் இந்த வடிகட்டி சரியாக அழுத்திவிடும். முள் மறைந்து படி மட்டும் மிஞ்சும்.

மூன்றாவது, துல்லிய அளவைக்காரர்கள் கையாள்வது. மின்தடைப் பொருளையே குழாயாக்கி, அதைச் சுற்றி இன்னொரு உலோகக் குழாயை வைக்கிறார்கள். மின்னோட்டம் உள்குழாய் வழியாகப் போய் வெளிக்குழாய் வழியாகத் திரும்பும். நீளவாக்கில் மின்னோட்டம் ஓடும் குழாயின் உட்பகுதியில் அந்த மின்னோட்டத்தால் காந்தப்புலமே உண்டாவதில்லை. அளக்கும் கம்பியை அந்த வெற்றிடத்தின் வழியே எடுத்தால், மாறும் புலம் எதுவும் அதைத் தொட வழியில்லை. கிடைப்பது மின்தடையின் மின்னழுத்தம் மட்டுமே.

பிறகு ஏன் இன்னும் சுருள்?

இவ்வளவு தொல்லை என்றால், பீங்கானின் மேல் மெல்லிய படலமாகப் படியவைத்த ரெசிஸ்டர்களுக்கே எல்லோரும் மாறிவிடலாமே? மாறியவர்கள் ஏராளம். வானொலி அலைவரிசையில் சோதனைச் சுமை வேண்டும் என்கிறவர், பெரிய வயர்வவுண்ட் ஒன்றுக்குப் பதிலாகச் சிறிய படல ரெசிஸ்டர்கள் பலவற்றை இணையாகச் சேர்ப்பார். இணையாகச் சேரச் சேர மின்தூண்டலும் பங்கு பங்காகக் குறையும்.

ஆனால் கம்பியிடம் இருக்கும் ஒன்று படலத்திடம் இல்லை: எடை. நம்முடைய 10 ஓம் சுருளில் இருக்கும் நிக்ரோம் இரண்டு கிராமுக்குச் சற்று மேல். அதன் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய ஒரு ஜூல் வேண்டும். கண்ணிமைக்கும் நேரத்தில் 100 ஜூல் வந்து விழுந்தாலும் கம்பி நூறு டிகிரி அளவுக்குச் சூடாகிவிட்டு, அந்த வெப்பத்தை நிதானமாகப் பீங்கானுக்குக் கடத்தும். சில மைக்ரோமீட்டரோ அதற்கும் குறைவோ தடிமனுள்ள படலம் அப்படி ஓர் அடியில் ஆவியாகிவிடும். மின்தேக்கி வங்கியை வடிக்கவும், மோட்டாரைப் பிரேக் போடவும், மெயின்ஸ் இணைக்கும் கணத்தில் பாயும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தவும் கம்பியைத் தேடுவது இதனால்தான். அந்த வேலைகளில் பலவற்றில் சில மைக்ரோஹென்றி ஒரு பொருட்டே இல்லை. சிலவற்றில் அது நன்மையும் செய்யும். பாய்ந்து வரும் முதல் அடியைச் சற்றே மழுக்கிக் கொடுக்கும்.

ரெசிஸ்டரின் மேல் அச்சிட இடம் இருப்பது ஓமுக்கும் வாட்டுக்கும்தான். ஹென்றியை அச்சிட்டாலும் அது அரை உண்மையாகவே இருக்கும், ஏனென்றால் மிச்சத்தை எழுதுபவர் அதை மின்சுற்றில் பொருத்துபவர்: கால்களை எவ்வளவு விட்டார், திரும்பும் கம்பியை எந்த வழியாக எடுத்தார், இரண்டையும் முறுக்கி ஒட்டி வைத்தாரா அகலமாகப் பிரித்துவிட்டாரா என்பவற்றில். எனவே பாகம் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை ஓம், எத்தனை வாட் என்பதற்கு அடுத்து இன்னும் இரண்டு கேள்விகள் வேண்டும். மின்னோட்டம் எவ்வளவு நேரத்துக்குள் மாறப்போகிறது? போன மின்னோட்டம் எந்த வழியாகத் திரும்பப்போகிறது? முதல் கேள்விக்கு மில்லிவினாடி என்று விடை வந்தால் மலிவான சாதாரணச் சுருளை வாங்கி நிம்மதியாக மாட்டலாம். நானோவினாடி என்று வந்தால், இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாமல் சால்டரிங் அயர்னைச் சூடாக்க வேண்டாம்.